பெட்ரோல் போதாமல் நிற்கும் பழைய கார்: பம்பா, கார்புரேட்டரா, டேங்கா?

காலையில் முதல் திருப்பலிலேயே உயிர்பெற்று, ஐடிலிங்கில் (நின்ற நிலையில் மெல்ல ஓடும்போது) சீராக நின்று, சமதரையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற பழைய கார், நீண்ட ஏற்றத்தில் பாதி ஏறியதும் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் புறப்பட்டுவிடுகிறது. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டியை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த நிலையை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். அப்போது அவர்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கார்புரேட்டரைக் கழற்றிப் புதுப்பிக்கலாம், எஞ்சினோடு இணைந்த மெக்கானிக்கல் பம்பை மாற்றலாம், அதைக் கைவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் பொருத்தலாம், அல்லது டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பாதை முழுவதையும் சரிசெய்யலாம். பெரும்பாலும் இதே வரிசையில்தான் முயற்சிகள் நடக்கின்றன. நான் பல ஆண்டுகளாகப் பழைய கார்களோடு பழகியதில் புரிந்துகொண்டது, இந்த வரிசை ஏறக்குறைய முழுவதும் தலைகீழானது என்பதுதான்.

காரணத்தைச் சிறு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிக்கும் கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 80 மில்லிலிட்டர் பெட்ரோல்தான் செலவாகிறது. அதே எஞ்சின் ஏற்றத்தில் 50 கிலோவாட் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தும்போது செலவு மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 330 மில்லிலிட்டர் வரை உயர்கிறது. அடைப்பினாலோ காற்றுக்கசிவினாலோ பாதையில் நிமிடத்துக்கு 150 மில்லிலிட்டர்தான் வருகிறது என்றால், சமதரையில் ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஏற்றத்தில் மட்டும், கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் வரத்தைவிட வேகமாகக் குறையத் தொடங்கும். கிண்ணத்தில் 50 மில்லிலிட்டர் இருந்தால் அது கால் நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும். வண்டி உடனே நிற்காமல் சிறிது தூரம் ஏறிய பிறகு திணறுவதற்கும், நின்ற பிறகு கிண்ணம் மெல்ல நிரம்பி மீண்டும் புறப்படுவதற்கும் இதுதான் காரணம். நல்ல நிலையிலுள்ள மெக்கானிக்கல் பம்ப் இந்த அதிகபட்சத் தேவையைவிடக் கூடுதலாகவே தள்ளக்கூடியது என்பதால், அந்த மிகுதி எங்கே தொலைகிறது என்பதே நாம் விடை காண வேண்டிய கேள்வி.

எதையும் வாங்குவதற்கு முன்பு, கோளாறு பெட்ரோலில்தானா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் இக்னிஷன் அமைப்பில், சூடேறியதும் செயலிழக்கும் காயிலும் பழுதான கண்டென்சரும் இதே நாடகத்தை அச்சு அசலாக நடத்திக்காட்டும். ஆறியதும் அவையும் பழையபடி வேலை செய்யும். ஆகவே வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, எதுவும் ஆறுவதற்கு முன்பு, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டர் மிதியோடு இணைந்த வால்வை) இருமுறை திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பலமாகப் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று பொருள். தேடவேண்டிய இடம் இக்னிஷன். எதுவும் வரவில்லை என்றால் கிண்ணம் காலியாக இருக்கிறது. எஸ்யூ வகை போன்ற, ஆக்ஸிலரேட்டர் பம்ப் (த்ராட்டில் திறக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் பகுதி) இல்லாத கார்புரேட்டர்களில் இந்தச் சோதனை செல்லாது. அவற்றில் கிண்ணத்தின் மூடியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். பெட்ரோல் சுமார் மைனஸ் 43 பாகை செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும் திரவம் என்பதையும், அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவித் தேங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. எஞ்சின் சூடாக இருக்கையில் பெட்ரோல் குழாயைக் கழற்றக்கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கிண்ணம் காலி என்று தெரிந்தபின், நான்கு வழிகளில் எது நமக்குரியது என்பதை மூன்று எளிய சோதனைகளே பெரும்பாலும் சொல்லிவிடும். முதலாவது, டேங்க் மூடியைத் திறப்பது. திறந்தவுடன் காற்றை உள்ளிழுக்கும் ஒலி கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால், டேங்கின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று வராததால் உள்ளே வெற்றிடம் உருவாகிப் பம்பை எதிர்த்து இழுக்கிறது. இரண்டாவது, பம்புக்குள் செல்லும் ரப்பர் குழாய்க்குப் பதிலாகத் தற்காலிகமாக, பெட்ரோலுக்குத் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாயைப் பொருத்தி, ஓடவிட்டுக் கவனிப்பது. தொடர்ந்து குமிழிகள் வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. மூன்றாவது, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி அளவு குறித்த புட்டிக்குள் விட்டு, தீப்பொறி எழாதபடி காயிலின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றி வரத்தை அளப்பது. பல பழைய கார்களின் கையேடுகள் ஒரு நிமிடத்துக்குள் அரை லிட்டரையாவது எதிர்பார்க்கின்றன. ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டே இயக்க வேண்டும் என்பதால் நேரத்தைக் கூட்டிக் கணக்கிட்டுக்கொள்ளலாம். இதோடு ஒரு சிறிய அழுத்தமானியும் இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு பாகங்களை மாற்றும் நிலை நேராது. பெரும்பாலான கார்புரேட்டர்களுக்கு 0.2 முதல் 0.35 பார் வரை அழுத்தம் போதும். எஸ்யூ வகைகள் இதன் கீழெல்லையிலேயே நிறைவடைகின்றன.

இந்தச் சோதனைகளின் முடிவு மிகப் பல சமயங்களில் டேங்குக்கும் பம்புக்கும் இடையிலுள்ள பாதையையே காட்டுகிறது. இது கண்ணுக்குத் தெரியாத, வண்டியின் அடியில் ஓடும் பகுதி. அதனாலேயே கடைசியில் பார்க்கப்படுகிறது. ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், அழுத்தம் உள்ள பக்கத்தில் பெட்ரோல் சொட்டி நம்மை எச்சரிக்கும். உறிஞ்சும் பக்கத்திலோ ஒரு சொட்டும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். நான் வைத்திருந்த காரில் ஒரே ஆண்டில் இரண்டு பம்புகளை மாற்றினேன். குற்றவாளி டேங்கின் மேல் முனையில், கிளிப்புக்கு அடியில் மறைந்திருந்த, விரல் நீளம்கூட இல்லாத ரப்பர் துண்டு. புதிய பம்ப் சற்றுப் பலமாக உறிஞ்சியதால் முதல் சில வாரங்கள் கோளாறு தீர்ந்ததுபோல் தோன்றியது. உறிஞ்சும் பக்கக் கோளாறுகளின் ஆபத்தான இயல்பு இதுதான்: தவறான சிகிச்சைக்கும் அவை சிறிது காலம் கட்டுப்பட்டதுபோல் நடிக்கும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டியிருக்கிறது. அதற்கு முன்பு செய்யப்பட்ட ரப்பர் குழாய்கள் உட்புறம் ஊதி, கருந்துகள்களாக உதிரும். வெளித்தோற்றத்தில் புதிதுபோலவே இருக்கும். ஃபில்டரில் கருப்புத் துகள் தென்பட்டால் டேங்கைச் சந்தேகிப்பதற்கு முன்பு குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். மாற்றும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்ட குழாயைத் தேர்ந்தெடுப்பது நல்லது. டேங்கினுள் இருக்கும் சல்லடையைப் பொறுத்தவரை, அதன் அடைப்புக்குத் தனி அடையாளம் உண்டு. ஓடும்போது குப்பை இழுபட்டுச் சல்லடையில் ஒட்டுகிறது. எஞ்சின் நின்றதும் இழுவிசை நீங்கி உதிர்ந்து கீழே விழுகிறது. அதனால்தான் கழற்றிப் பார்க்கும்போது சல்லடை சுத்தமாகவே இருக்கும். டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

குழாய், ஃபில்டர், சல்லடை, காற்றுத்துளை என்று இந்த வழியில் செய்யும் எல்லாமே செலவில் மிகக் குறைந்தவை. உழைப்பில் மட்டும் அதிகம். மற்ற மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இவற்றைச் செய்யாமல் தீராது என்பதால், இதை மாற்று வழி என்று சொல்வதைவிட மற்றவற்றுக்கான முன்நிபந்தனை என்று சொல்வதே பொருந்தும்.

உறிஞ்சும் பாதை குறையற்றது என்று உறுதியான பிறகும் வரத்து போதவில்லை என்றால் பம்பைப் பார்க்கலாம். கேம் ஷாஃப்டின் மேடு நெம்புகோலைத் தள்ள, டயஃப்ரம் என்னும் நெகிழும் சவ்வு மேலும் கீழும் அசைய, இரண்டு சிறு வால்வுகள் மாறி மாறித் திறந்து மூடும் எளிய அமைப்பு அது. திருகாணிகளால் மூடப்பட்ட பழைய பம்ப் என்றால், எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரமும் வால்வுகளும் கொண்ட பழுதுநீக்கத் தொகுப்பைப் பொருத்திப் புதுப்பிப்பதையே நான் விரும்புவேன். அசல் பம்பின் நெம்புகோலும் ஸ்பிரிங்கும் அந்த எஞ்சினுக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. விளிம்பு மடித்து அடைக்கப்பட்ட பம்பைத் திறக்க முடியாது. அதற்குப் புதியதே வழி. புதியதைப் பொருத்தும்போது பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள தடிமனான தட்டையும் கேஸ்கெட்டுகளையும் பழைய கனத்திலேயே வைக்க வேண்டும். கனம் கூடினால் நெம்புகோலின் அசைவு குறைந்து வரத்து குறையும். கனம் குறைந்தால் நெம்புகோல் அளவுக்கு மீறி அழுத்தப்படும். புதிய நகல் பம்புகள் சில அசலைவிடக் கூடுதல் அழுத்தம் தருகின்றன. அப்போது கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வு மூடமுடியாமல் கார்புரேட்டர் வழிந்தோடும், பழி கார்புரேட்டரின் மேல் விழும்.

பம்பை மாற்றுவதை ஒருநாளும் தள்ளிப்போடக்கூடாத நிலை ஒன்று உண்டு. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் பம்பின் கசிவுத்துளை வழியே வெளியே சொட்டும், அல்லது நேராக எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் வந்தால், வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது.

இனி எலெக்ட்ரிக் பம்ப். இதற்கு உள்ள கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. வாரக்கணக்கில் நின்ற கார்களில் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகிவிடும். மெக்கானிக்கல் பம்ப் அதை மீண்டும் நிரப்புவதற்குள் பேட்டரி களைத்துவிடுகிறது. எலெக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியைத் திருப்பிய சில நொடிகளில் கிண்ணம் நிறைந்துவிடும். டேங்கின் அருகில் தாழ்வாகப் பொருத்தும்போது குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருப்பதால், வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும் தொல்லையும் பெருமளவு குறைகிறது. இந்தப் பம்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் அல்ல. ஆகையால் எஞ்சின் அறைக்குள், எளிதாகக் கை எட்டுகிறது என்பதற்காகப் பொருத்தினால் பாதிப் பயனும் கிட்டாது.

ஆனால் இதற்குரிய நிபந்தனைகள் பல, அவற்றில் ஒன்றையும் விட்டுவிட முடியாது. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் சுமார் 3 பார் அழுத்தம் தரக்கூடியது; கார்புரேட்டரின் நீடில் வால்வு தாங்குவதைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு. கார்புரேட்டருக்கென்றே செய்யப்பட்ட குறைந்த அழுத்தப் பம்பைத்தான் வாங்க வேண்டும். அப்போதும் அளந்து பார்த்து, தேவையெனில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் சேர்க்க வேண்டும். சுழல்வகைப் பம்புகளுக்கு முன்னால் நல்ல ஃபில்டர் இல்லாவிட்டால் டேங்கின் துருவே அவற்றைத் தின்றுவிடும். பழைய கார்களில் சில பாசிட்டிவ் எர்த் முறையில் (பேட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணையும்படி) அமைந்தவை. எலெக்ட்ரானிக் பம்புகளில் சில இணைப்பு மாறினால் உடனே கெட்டுவிடும் என்பதால் இதையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விபத்தின்போது நடப்பது. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் நின்றதும் தானே நின்றுவிடும். எலெக்ட்ரிக் பம்போ சாவி திறந்திருக்கும் வரை, அறுந்த குழாய் வழியாகவும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எனவே ஃபியூஸ், ரிலே ஆகியவற்றோடு, மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்சையும், எஞ்சின் ஓடாதபோது பம்பை நிறுத்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே இதன் செலவைக் கணக்கிட வேண்டும். இரண்டாவதற்கு, இக்னிஷன் துடிப்பை உணர்ந்து இயங்கும் ரிலேயோ ஆயில் அழுத்த ஸ்விட்சோ பயன்படும். இவையில்லாமல் வெறும் இரண்டு கம்பிகளை இணைத்து முடிக்கும் வேலையை, எவ்வளவு அவசரமானாலும், நான் பரிந்துரைக்கமாட்டேன். பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றாமல் அதன் வழியாகவே பெட்ரோலைச் செலுத்துபவர்களும் உண்டு. அதன் டயஃப்ரம் கிழிந்தால் எலெக்ட்ரிக் பம்ப் முழு வேகத்தில் எஞ்சின் ஆயிலுக்குள் பெட்ரோலை நிரப்பும். அதைக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டால் மூடுவதே பாதுகாப்பு.

வெப்பத்தால் வரும் கோளாறுக்காக எலெக்ட்ரிக் பம்பை நாடுபவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிப்பது பயன் தரும். பெட்ரோலின் இலகுவான பகுதிகள் 35 முதல் 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகின்றன. அது குழாயில் நிகழ்ந்தால் கிண்ணத்துக்கு வரத்து நின்றுபோகிறது. எலெக்ட்ரிக் பம்பும், மிகுதியைச் சூட்டோடு டேங்குக்கே திருப்பி அனுப்பும் குழாயும் இதற்கு நல்ல மருந்து. ஆனால் சூடான எஞ்சினை நிறுத்தியபின், காற்றோட்டம் இல்லாமல் வெப்பம் மேலேறி, கிண்ணத்தில் உள்ள பெட்ரோலே கொதித்து எஞ்சினுக்குள் வழிவதும் உண்டு. அப்போது கோளாறு பெட்ரோல் இல்லாமையல்ல, மிகுதி. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி திருப்பினால் புறப்படுகிறது என்றால் இந்த வகைதான். இதற்கு எந்தப் பம்பும் உதவாது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடிமனான தட்டும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடும்தான் தேவை. இவற்றை முதலில் செய்துபார்த்த பலருக்கு எலெக்ட்ரிக் பம்பின் தேவையே இல்லாமல் போகும் என்பது என் எண்ணம்.

கார்புரேட்டரை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், வரத்துக் கோளாறில் அதன் பங்கு நுழைவாயிலிலுள்ள சிறு சல்லடையோடும் நீடில் வால்வோடும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது என்பதே. பம்ப் சோதனையில் போதிய அளவு பெட்ரோல் வந்தும் கிண்ணம் காலியாக இருந்தால் மட்டுமே குற்றம் இங்கே இருக்கிறது. நீடில் மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால், கிண்ணத்தின் மேல் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுவது தற்காலிகமாக விடுவிக்கும். அப்படி விடுபட்டால் நோய் இன்னதென்று உறுதியாகிறது. ஐடிலிங் மட்டும் சரியில்லாமல் வேகத்தில் நன்றாக ஓடும் கார் வரத்துக் கோளாறு உள்ளதன்று. அங்கே ஐடில் ஜெட்டில் (ஐடிலிங்குக்கான பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையில்) அடைப்போ காற்றுக்கசிவோ இருக்கலாம்.

பிரித்துச் சுத்தம் செய்யும்போது ஜெட்டுக்குள் கம்பியைச் செலுத்தும் வழக்கத்தை நிச்சயமாகக் கைவிட வேண்டும். 1.20 மில்லிமீட்டர் துளை 1.25 ஆக அகன்றாலே பரப்பு எட்டு சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. கண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றழுத்தத்தால் ஊதுவது போதும். கேஸ்கெட், நீடில், டயஃப்ரம் கொண்ட தொகுப்பு பெரும்பாலான கார்புரேட்டர்களுக்கு மறுவாழ்வு தரும். த்ராட்டில் தண்டின் துளை தேய்ந்து, தண்டு பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் மட்டும் எந்தத் தொகுப்பும் பயனளிக்காது. அப்போது துளைக்குள் புதிய புஷ் (உலோக உறை) இடக்கூடிய தேர்ந்த பணிமனைக்கு அனுப்புவதா, புதிய கார்புரேட்டர் வாங்குவதா என்ற கேள்வி எழுகிறது. என் தேர்வு முன்னது. மலிவான நகல் கார்புரேட்டர் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும், அதன் ஜெட்டுகளின் அளவும் துணைத்துளைகளின் இடமும் உங்கள் எஞ்சினுக்கென்று தேர்ந்தவையாக இருப்பதில்லை. அசலின் உடலே வெடித்திருந்தாலோ, ஈரத்தால் அரிக்கப்பட்டு வெண்பொடி பூத்துத் துளைகளே கரைந்துபோயிருந்தாலோ மட்டும் புதியது தவிர வேறு வழியில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் டேங்கில் துரு இருந்தால் அது திரும்பத் திரும்ப வந்து எல்லாவற்றையும் கெடுக்கும். மெல்லிய மேல்துரு என்றால் கழற்றிக் கழுவி, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் சுத்தம் செய்து, முழுவதும் உலர்த்தி, உடனே பெட்ரோல் நிரப்பி வைப்பதே போதுமானது. உட்புறம் பூசும் சீலன்ட்டை நான் தயக்கத்தோடுதான் அணுகுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ சிறிது மீந்திருந்தாலும் அது சில ஆண்டுகளில் தோலாக உரிந்து, சல்லடையைத் துருவைவிட மோசமாக அடைத்துவிடும். அதை மீண்டும் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. துளை விழும் அளவுக்கு அரித்த டேங்கை, கிடைக்குமானால், புதியதாக மாற்றுவதே நல்லது. துளையை வெல்டிங் செய்துதான் அடைக்க வேண்டும் என்றால் அந்த வேலைக்கென்றே பயின்றவரிடம் மட்டும் ஒப்படைக்க வேண்டும்: காலி டேங்கில் பெட்ரோலுக்குப் பதில் நிறைந்திருப்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை, வெடிப்பதற்கு நிறைந்த டேங்கைவிட அதுவே ஏற்றது.

அன்றாடம் ஓடும் காருக்கு, புதுக் குழாய்களும் சுத்தமான டேங்கும் புதுப்பித்த மெக்கானிக்கல் பம்பும் போதும் என்பதே என் முடிவு. பழுதானால் வழியிலேயே புரிந்துகொள்ளக்கூடிய எளிமை அதில் இருக்கிறது. மாதம் ஒருமுறை மட்டுமே வெளியே எடுக்கப்படும் காருக்கும், கடும் வெப்பத்தில் நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கும், மேலே சொன்ன பாதுகாப்புகளோடு பொருத்தப்பட்ட எலெக்ட்ரிக் பம்ப் நியாயமான தேர்வு. இரண்டுக்கும் முன்பாக டேங்க் மூடியைத் திறந்து காதால் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நாளை காலை செய்துபார்க்கக்கூடிய முதல் வேலை அதுதான்.